சிமுலேஷன் கிரிட்டைக் கோப்பில் எழுதுவது எப்படி

என்னிடம் ஒரு பழைய கோப்பு இருக்கிறது. அளவு 1,61,66,472 பைட். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, அடியில் சூடாக்கிய பெட்டிக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்று கணக்கிட ஃபோர்ட்ரானில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். வெப்பநிலை அர்ரேயை (எண்களின் அடுக்கை) ஒரே ஒரு ரைட் வரியில் வட்டில் தள்ளிவிட்டேன். உள்ளே இருப்பதை முன்னாலேயே சொல்லும் ஹெடர் கிடையாது, குறிப்பு கிடையாது. ஓராண்டு கழித்து அந்த வெப்பநிலையின் படம் வேண்டுமென்று வழிகாட்டி கேட்டபோது, கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கிரிட், அதாவது பெட்டியைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரித்த கட்டம், 200×120×80 என்பது மட்டும் நோட்டில் இருந்தது. செல்லுக்கு 8 பைட் என்று பெருக்கினால் 1,53,60,000 வருகிறது; கோப்போ அதைவிடப் பெரியது. ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பிடிபட்டது. ஆறு பக்கமும் ஓர் அடுக்கு கோஸ்ட் செல்லையும் (எல்லைக் கணக்குக்காகச் சுற்றி வைக்கும் கூடுதல் செல்) சேர்த்தே எழுதியிருக்கிறேன்: 202×122×82×8 = 1,61,66,464. அப்படியும் 8 பைட் மிஞ்சியது. ஃபோர்ட்ரான் வழக்கமான பைனரி முறையில் எழுதும்போது ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் 4 பைட், பின்னால் 4 பைட் என நீளத்தைக் குறித்து வைக்கும். அந்த 8.

எண்களை வட்டில் கொட்ட எந்த நிரலாலும் முடியும். எந்த எண் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த அலகில் நிற்கிறது என்பதும் கூடவே போய்ச் சேர வேண்டும். அதில்தான் எல்லாரும் சறுக்குகிறோம்.

எந்த வகை கிரிட்?

படம் பார்க்க நான் பாராவியூ வைத்திருக்கிறேன்; விசிட் பயன்படுத்துபவர்களும் உண்டு. இரண்டுமே விடிகே என்ற காட்சிப்படுத்தல் நிரல் நூலகத்தின் மேல் கட்டப்பட்டவை. 1993இல் ஒரு பாடநூலுக்குத் துணை நிரலாகத் தொடங்கிய நூலகம் அது. அதனால் கிரிட்டை விடிகே எப்படி வகை பிரிக்கிறதோ, அப்படியே நாமும் யோசித்துப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மூன்று திசையிலும் இடைவெளி சீராக இருக்கிறதா? அப்படியென்றால் திசைக்கு எத்தனை புள்ளி, தொடக்கப் புள்ளி எங்கே, இடைவெளி எவ்வளவு என்று ஒன்பது எண்கள் போதும். இதற்கு இமேஜ் டேட்டா என்று பெயர், கோப்பின் நீட்டிப்பு விடிஐ. சுவர் அருகே கோடுகளை நெருக்கி வைத்திருக்கிறீர்கள், ஆனால் கோடுகள் நேராகத்தான் இருக்கின்றன என்றால் ரெக்டிலினியர், விடிஆர். அச்சுக்கு ஒரு பட்டியல் எழுதினால் போதும். 200×120×80 புள்ளிகளுக்கு மொத்தமே 400 எண்கள். கிரிட் வளைந்து நெளிந்தால் ஸ்ட்ரக்சர்ட், விடிஎஸ். அங்கே புள்ளிக்கு மூன்று ஆயங்கள் வேண்டும், அதே கிரிட்டுக்கு 57,60,000 எண்கள். ஒழுங்கே இல்லாத வலைக்கு விடியூ.

எந்த கிரிட்டும் விடியூவில் அடங்கும் என்பதற்காகச் சீரான கிரிட்டையும் அதிலேயே எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் அறுமுகச் செல்லுக்கு எட்டு மூலைகளின் எண்களை எழுத வேண்டும். 8 பைட் முழு எண்களாக எழுதினால் செல்லுக்கு 64 பைட். உள்ளே இருக்கும் வெப்பநிலையோ 4 பைட். சுமை கூலி சரக்கைவிட அதிகம்.

படுத்துக்கொண்டு போன புகை

அர்ரேக்கு மூன்று பரிமாணம் இருந்தாலும் கோப்பில் எல்லாம் ஒரே நீளமான வரிசைதான். விடிகே அந்த வரிசையைப் படிக்கும்போது எக்ஸ் முதலில் ஓடும், அது முடிந்ததும் ஒய் ஓர் அடி நகரும், ஒய் முடிந்ததும் இசட். ஃபோர்ட்ரானிலும் முதல் குறியீடுதான் வேகமாக ஓடும், ஆகவே அங்கே பொருத்தம் தானாக அமைந்துவிடுகிறது. சி மொழியிலும் பைத்தானின் நம்பையிலும் கடைசிக் குறியீடுதான் வேகமாக ஓடும்.

என் நிரலைப் பைத்தானுக்கு மாற்றியபோது இது உறைக்கவில்லை. அர்ரேயை எக்ஸ், ஒய், இசட் என்ற வரிசையிலேயே வைத்திருந்தேன், அப்படியே தட்டையாக்கி எழுதினேன். பெட்டி 128×128×128 கனசதுரம், அதனால் எண்ணிக்கை எங்கும் இடிக்கவில்லை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. படம் பளிச்சென்று வந்தது. அதைப் பார்த்த வழிகாட்டி கேட்டார்: "சூடான காற்று ஏன் படுத்துக்கொண்டு போகிறது?" ஒரு வாரமாக அந்தப் படத்தை வெவ்வேறு வண்ணங்களில் ரசித்துக்கொண்டிருந்தவன் நான்.

திருத்தம் ஒரு சொல்தான். எக்ஸ், ஒய், இசட் வரிசையில் அர்ரே இருந்தால், தட்டையாக்கும்போது ஃபோர்ட்ரான் வரிசையில் என்று நம்பைக்குச் சொல்ல வேண்டும். அல்லது தொடக்கத்திலிருந்தே அர்ரேயை இசட், ஒய், எக்ஸ் என்று வைத்துக்கொண்டு இயல்பாகத் தட்டையாக்கலாம். இப்போது நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், பெரிய தரவுக்கான எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவத்தின் பக்கம் போகும்போதும் அது கைகொடுக்கிறது.

அன்றிலிருந்து புதிதாக எழுதும் எந்தச் சேமிப்பு நிரலையும் ஒரே சோதனையில்தான் நிறுத்துகிறேன். கனசதுரம் கூடவே கூடாது. 7×5×3, மொத்தம் 105 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்பு: எக்ஸ் குறியீடு + 10 × ஒய் குறியீடு + 100 × இசட் குறியீடு, குறியீடுகள் 0இலிருந்து. கோப்பைப் பாராவியூவில் திறந்து ஸ்ப்ரெட்ஷீட் பார்வைக்குப் போங்கள். புள்ளி 1இல் மதிப்பு 1 இருக்க வேண்டும். புள்ளி 7இல் 10. புள்ளி 35இல் 100. கடைசிப் புள்ளி 104இல் 246. புள்ளி 1இல் 100 என்று வந்தால் அச்சுகள் இடம் மாறிவிட்டன. இரண்டு நிமிட வேலை இது.

முதல் கோப்பைக் கையால் எழுதுங்கள்

நூலகங்கள் இருக்கின்றன. பைத்தானில் பைவிஸ்டா, பைஇவிடிகே என்று எதை எடுத்தாலும் வேலை முடியும். ஆனாலும் ஒரு முறையாவது பழைய விடிகே வடிவத்தைக் கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன். சி++ அல்லது ஃபோர்ட்ரான் நிரலுக்குள் விடிகேயை இணைக்க மனமில்லாதவர்களுக்கு நிரந்தரத் தீர்வாகவும் அது அமையும், இருபது வரி கூட ஆகாது.

முதல் வரி # குறியில் தொடங்கி, இது விடிகே டேட்டா ஃபைல், பதிப்பு 3.0 என்று சொல்லும். இரண்டாம் வரி தலைப்பு, 256 எழுத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பலர் இதில் "சோதனை" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் நிரலின் கிட் கமிட் எண் (எந்தப் பதிப்பு என்பதன் அடையாளம்), அலகுகள், நேரம் மூன்றையும் இங்கேதான் திணிக்கிறேன். மூன்றாம் வரி ஆஸ்கியா (எழுத்தாக) பைனரியா (நேரடி பைட்டாக) என்பது. நான்காவதில் ஸ்ட்ரக்சர்ட் பாயிண்ட்ஸ் என்ற கிரிட் வகை. அடுத்து டைமென்ஷன்ஸ் 7 5 3, ஆரிஜின் 0 0 0, ஸ்பேசிங் 1 1 1. பிறகு பாயிண்ட் டேட்டா 105, ஸ்கேலர்ஸ் என்ற சொல்லோடு மாறியின் பெயரும் ஃப்ளோட் என்ற வகையும், லுக்கப் டேபிள் டிஃபால்ட், அதன் கீழே 105 எண்கள். மாறியின் பெயரில் இடைவெளி விடாதீர்கள், அங்கேயே கோப்பு முறிந்துவிடும்.

ஆஸ்கியில் எழுதினால் கண்ணால் படிக்கலாம், சோதனைக்கு அதுவே சரி. உண்மையான ஓட்டத்துக்கு வேண்டாம். 4 பைட் எண் ஒன்றை இலக்கம் குறையாமல் எழுத 15 எழுத்துகள் வரை போகலாம்.

பைனரிக்கு மாறும்போது ஒரு பள்ளம் காத்திருக்கிறது. இந்தப் பழைய வடிவத்தில் பைட் வரிசை பிக் எண்டியன், எண்ணின் பெரிய பைட் முதலில் வரும். நம் கையில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் லிட்டில் எண்டியன், சின்ன பைட் முதலில். திருப்பாமல் எழுதினால் எல்லா இடத்திலும் 1.0 இருக்க வேண்டிய கிரிட்டில் 4.6 × 10⁻⁴¹ என்று தெரியும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே பார்த்தாலும், பைட் தலைகீழாகிவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம். நம்பையில் வகையைக் குறிக்கும்போது பிக் எண்டியன் என்று சேர்த்தால் போதும்.

எக்ஸ்எம்எல் வகைக் கோப்புகளில், அதாவது விடிஐ முதலானவற்றில், பைட் வரிசையைக் கோப்பே அறிவிக்கும், இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறொன்று. ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்படும், ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த நீளம் 32 பிட் எண். 1024×1024×1024 கிரிட்டில் 4 பைட் மாறி ஒன்று சரியாக 4 ஜிபி பிடிக்கும். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணைவிட அது ஒன்றே ஒன்று அதிகம்! ஹெடர் வகையை 64 பிட் என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள், சின்ன கிரிட்டாக இருந்தாலும்.

செல்லா புள்ளியா

ஃபைனைட் வால்யூம் முறையில் (செல்லுக்கு ஒரு சராசரி என்று கணக்கிடும் முறை) மதிப்பு செல்லுக்குச் சொந்தம். 200 செல் என்றால் எல்லைக்கோடுகள் 201. விடிகே எப்போதும் புள்ளிகளைத்தான் எண்ணும், எனவே டைமென்ஷன்ஸ் 201 121 81 என்று எழுதி, மதிப்புகளை செல் டேட்டா பகுதியில் 19,20,000 எண்களாக வைக்க வேண்டும். பலர் செல் மையங்களையே புள்ளிகளாக எழுதிவிடுகிறார்கள். படம் வரும், அழகாகவும் வரும், ஆனால் சுவருக்கும் படத்துக்கும் இடையே அரை செல் காலியாகக் கிடக்கும். சுவரில் வெப்பம் எவ்வளவு பாய்கிறது என்று பார்க்க வந்தவருக்கு அந்த அரை செல்தான் முக்கியம்.

செல் டேட்டா கட்டம் கட்டமாகத் தெரிகிறதே என்று கவலைப்பட வேண்டாம். செல்லிலிருந்து புள்ளிக்கு மாற்றும் ஃபில்டர் பாராவியூவில் இருக்கிறது. சமமதிப்புப் பரப்பு வரைவதற்கு முன் அதைப் போடுங்கள். கோப்பில் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கட்டும்.

ஸ்டாகர்ட் கிரிட்டில் வேகம் செல்லின் முகங்களில் இருக்கும், எக்ஸ் வேகத்துக்கு 201, ஒய் வேகத்துக்கு 121 என்று ஆளுக்கொரு அளவு. எழுதும் முன் எதிரெதிர் முகங்களின் சராசரியை எடுத்து மையத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மூன்று கூறுகளையும் தனித்தனி ஸ்கேலராக எழுதாமல் ஒரே வெக்டராக எழுதுங்கள்: முதல் செல்லின் மூன்று கூறுகள், இரண்டாம் செல்லின் மூன்று கூறுகள் என்று பின்னிப் பின்னி. இருபரிமாணக் கணக்கென்றாலும் மூன்றாவது கூறாக 0 வையுங்கள். அம்பும் ஓட்டக்கோடும் வரைய அது வேண்டும்.

பாதி துல்லியம் போதும், ஒரு விலக்கு தவிர

படத்துக்கு 4 பைட் எண் தாராளம். கிட்டத்தட்ட ஏழு இலக்கம் கிடைக்கிறது, கண்ணுக்கு அதில் பாதி கூடத் தெரியாது. ஓட்டத்தைத் தொடர்வதற்கான செக்பாயிண்ட் வேறு, படத்துக்கான கோப்பு வேறு. செக்பாயிண்டில் 8 பைட், கோஸ்ட் செல், எல்லாமே இருக்கட்டும். இரண்டையும் ஒரே கோப்பில் செய்ய முயன்றால் இரண்டுக்கும் உதவாத கோப்புதான் கிடைக்கும்.

விலக்கு என்னவென்றால் அழுத்தம். வளிமண்டல அழுத்தம் 1,01,325 பாஸ்கல். அந்த அளவில் 4 பைட் எண்ணுக்கு அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையிலான தூரம் 1/128, அதாவது சுமார் 0.0078 பாஸ்கல். உங்கள் பெட்டியில் அழுத்த ஏற்ற இறக்கமே 0.05 பாஸ்கல் என்றால் மொத்தம் ஆறு ஏழு படிகள்தான், படம் படிக்கட்டு மாதிரி வரும். சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். கழித்த எண்ணையும் கோப்பில் எங்காவது குறியுங்கள்.

நேரம்

கோப்புப் பெயரில் படி எண்ணை 000120 என்று முன்னால் சுழியம் நிரப்பி எழுதினால், பாராவியூ அவற்றை ஒரே தொடராக அடுக்கிக்கொள்ளும். ஆனால் அதற்குத் தெரிவது எத்தனையாவது கோப்பு என்பது மட்டும்தான், எத்தனையாவது விநாடி என்பது தெரியாது. காலப்படி மாறும் நிரலில் இது ஏமாற்றும். உருளைக்குப் பின்னால் சுழல்கள் உதிர்வதை அசைபடமாக ஓட்டிப் பார்த்தபோது, போகப் போக அவை மெதுவாவதாகத் தெரிந்தது. அதற்கு ஒரு இயற்பியல் விளக்கம் கூட யோசித்து வைத்துவிட்டேன். உண்மையில் நடந்தது, காலப்படி சிறியதாகிக்கொண்டே வந்ததுதான். ஒவ்வொரு 100 படிக்கும் ஒரு கோப்பு என்று வைத்திருந்ததால் கோப்புகள் நேரத்தில் நெருங்கிவிட்டன.

இதற்கு பிவிடி என்ற சின்னக் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு கோப்பின் பெயர், அவ்வளவுதான். பாராவியூவில் அதைத் திறந்தால் நேரம் சரியாக இருக்கும். ஒவ்வொரு சேமிப்பின்போதும் பிவிடியை முழுதாகத் திரும்ப எழுதிவிடுங்கள். நடுவில் நிரல் செத்தாலும் கடைசி எக்ஸ்எம்எல் வரி மூடப்பட்டே இருக்கும். எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்றுங்கள். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றம் ஒரே வீச்சில் நடக்கும், பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது. தரவுக் கோப்புகளுக்கும் இதே முறை.

வட்டு நிரம்புவதற்கு முன்

512×512×512 கிரிட்டில் 8 பைட் மாறி ஒன்று சரியாக 1 ஜிபி. ஐந்து மாறிகள், 200 தருணங்கள் என்றால் 1,000 ஜிபி. இதை ஓட்டத்தைத் தொடங்கும் முன் காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். 4 பைட்டுக்கு மாறினால் பாதி. அப்புறம், எல்லா நேரமும் முழுக் கனமும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வெட்டுத்தளம் 512×512, மாறிக்கு 1 எம்பி. அசைபடத்துக்கு வெட்டுத்தளத்தை அடிக்கடி எழுதலாம், முழுக் கனத்தை எப்போதாவது எழுதினால் போதும்.

இந்த அளவுக்கு வந்துவிட்டால் எச்டிஎஃப்5 தான். ஒரே கோப்பில் பல மாறிகள், மாறிக்கு அலகு, குறிப்பு என எல்லாவற்றையும் ஒட்டி வைக்கலாம். தரவைத் துண்டுகளாக வெட்டி வைக்கும் வசதியும் உண்டு. 64×64×64 துண்டு, 4 பைட் எண்ணில் 1 எம்பி, எனக்கு அது நன்றாக ஓடுகிறது. எந்தத் திசையில் வெட்டித் திறந்தாலும் தேவையான துண்டுகளை மட்டும் படிக்கும். சுருக்கம் போடும்போது ஷஃபிள் ஃபில்டரையும் சேர்த்துப் போடுங்கள். எண்களின் மேல் பைட்டுகளை ஒரு பக்கமும் கீழ் பைட்டுகளை ஒரு பக்கமும் அது அடுக்குவதால் ஜிசிப் என்ற சுருக்க நிரலுக்கு வேலை எளிது. கொந்தளிப்பான ஓட்டத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள், கடைசி பிட்டுகள் வெறும் இரைச்சல். இரைச்சலைச் சுருக்க வழி இல்லை.

வெறும் எச்டிஎஃப்5ஐக் கொடுத்தால் எது கிரிட், எது மாறி என்று பாராவியூவுக்குத் தெரியாது. பக்கத்தில் எக்ஸ்டிஎம்எஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று வைத்து விளக்க வேண்டும். இதில் அளவுகளை மெதுவாக ஓடும் அச்சிலிருந்து எழுத வேண்டும், 81 121 201 என்று. தொடக்கப் புள்ளியும் இடைவெளியும் கூட இசட், ஒய், எக்ஸ் வரிசைதான். விடிகேக்கு நேர் எதிர். 7×5×3 சோதனையை இங்கேயும் ஓட்டுங்கள். காலநிலைத் துறையில் இருப்பவர்கள் நெட்சிடிஎஃப் பக்கம் போய்விடுவது மேல். அதன் 4ஆம் பதிப்பு உள்ளே எச்டிஎஃப்5 தான், அச்சுக்கும் அலகுக்கும் சிஎஃப் என்ற பொது விதிமுறையும் இருக்கிறது.

பல பிராசசர்களில் ஓட்டினால், ஆளுக்கொரு விடிஐ எழுதி, முதல் பிராசசர் பிவிடிஐ என்ற அட்டவணையை எழுதுவது எளிய வழி. பக்கத்துத் துண்டுகள் எல்லைப் புள்ளியைப் பகிர வேண்டும், 0 முதல் 100, அடுத்தது 100 முதல் 200. 0 முதல் 99, 100 முதல் 199 என்று எழுதினால் நடுவே ஒரு கீறல் தெரியும். 512 பிராசசர், 200 தருணம் என்றால் 1,02,400 கோப்புகள். கிளஸ்டரை நிர்வகிப்பவரிடமிருந்து மின்னஞ்சல் வரும். அதற்குள் இணை எச்டிஎஃப்5க்கு மாறிவிடுங்கள்.

திடப் பொருள் இருக்கும் செல்களில் NaN ("எண் அல்ல") என்ற வெற்று மதிப்பை நிரப்புவது எனக்குப் பிடிக்காது. சராசரி எடுத்தால் எல்லாம் நாசம். 1 பைட்டில் "திடம்" என்று தனி மாறி எழுதி, பாராவியூவில் த்ரெஷோல்டு போட்டு மறைப்பது சுத்தம்.

ஹெடர் இல்லாத பழைய கோப்புகள் உங்களிடமும் இருக்கும். முதலில் கோப்பின் அளவை 4ஆலும் 8ஆலும் வகுத்து, கிரிட்டோடு ஒப்பிடுங்கள். கோஸ்ட் அடுக்கு இருந்தால் ஒவ்வொரு திசையிலும் 2 கூட்டிப் பாருங்கள். 8 பைட் மிஞ்சினால் ஃபோர்ட்ரான் குறிகள். முதல் 4, கடைசி 4 இரண்டையும் வெட்டி எறியுங்கள். இனிமேல் எழுதும் ஃபோர்ட்ரானில் ஸ்ட்ரீம் முறையில் கோப்பைத் திறந்தால் அவை வராது. பிறகு பாராவியூவின் ரா ரீடரில் திறந்து, எண் வகை, பைட் வரிசை, எல்லை 0–201, 0–121, 0–81 என்று கொடுங்கள். படம் சாய்ந்த கோடுகளாக வந்தால் அளவு தவறு. மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரியாக வந்ததும் எக்ஸ்ட்ராக்ட் சப்செட் கொண்டு 1–200, 1–120, 1–80 மட்டும் எடுத்தால் கோஸ்ட் அடுக்கு உதிர்ந்துவிடும். அப்படியே விடிஐயாகச் சேமியுங்கள். ரா ரீடர் எல்லாவற்றையும் புள்ளி மதிப்பாகத்தான் கொடுக்கும், அரை செல் கணக்கை மறக்காதீர்கள்.

என்னுடைய அந்தக் கோப்பும் இப்படித்தான் விடிஐ ஆனது. சூடான காற்று நேராக மேலே போகிறது. அது எத்தனையாவது விநாடி என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.